திருநங்கையரின் நோயும் நமது இழிபுத்தியும்

(பெரம்பலூரிலும் அரியலூரிலும் நடந்த கூட்டங்களில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைத் துண்டு நோட்டீசில் பார்த்தவுடன் கடைத்தெருவில் சிலர் சிரித்தார்கள் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் சொன்னார். அதில் நமக்கு ஆச்சரியமில்லை. போன வாரம் பெரம்பலூரில் இதே விஷயத்தைப் பேச ஆரம்பித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு கைதட்டல் வந்தது. அது பேச்சை மெச்சித் தட்டின தட்டு அல்ல. விரல்களை விரித்து உள்ளங்கைகளை மோதித் தட்டுகிற அந்தத் தட்டு யாரைக் கேலி செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நாலு பேர் சிரித்தார்கள். தட்டினவர் யாரென்று பார்த்தால் கருப்புச் சட்டை போட்ட நமது தோழர்! ஜாதி ஒழிய வேண்டும் என்பார், தாலி அறுபட வேண்டும் என்பார். எல்லாவற்றுக்கும் முன்வரிசையில் நிற்பவர்தான். ஆகவே இன்று நாம் வைதீகர்களுக்கு மாத்திரம் பேச வரவில்லை. நமக்கு நாமே பேசிக்கொள்ள வேண்டிய சங்கதியும் இதில் நிறைய இருக்கிறது.

விஷயம் இதுதான். திருநங்கையரை ஜனங்கள் இழிவாக நடத்துகிறார்கள். அவர்களுக்குச் சில வியாதிகள் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. இந்த இரண்டும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் ஜனங்கள் இந்த இரண்டையும் தலைகீழாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வியாதிக்காரர்கள் ஆனபடியால் ஒதுக்குகிறோம் என்கிறார்கள். நாம் சொல்லுவது, ஒதுக்குகிறபடியால்தான் வியாதி வருகிறது என்பது. நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இதை நம்பிவிடாதீர்கள். காரண காரியத்தைப் பாருங்கள். சரி என்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ஆம் வருஷம் நமது சென்னையில்தான். கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும், அவரிடம் படித்த நிர்மலா அம்மையாரும். பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் ஏற்பட்டு நாடு முழுதும் கணக்கெடுத்து வருகிறது. 2021-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, வயது வந்த பொது ஜனங்களில் இந்தக் கிருமி உள்ளவர்கள் 1,000 பேருக்கு 2 பேர் சுமார். திருநங்கையரில் 1,000 பேருக்கு 38 பேர் சுமார். உலகத்திலும் இதே கதைதான். 2013-இல் 15 நாடுகளின் ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், சோதிக்கப்பட்ட திருநங்கையரில் 100-க்கு 19 பேருக்குக் கிருமி இருந்தது.

இந்தக் கணக்கைச் சொன்னவுடனே ஒரு சாரார், "பார்த்தீர்களா, ஒழுக்கங்கெட்டவர்கள், கடவுள் தண்டிக்கிறார்" என்று எழுந்துவிடுவார்கள். சரி, கிருமிக்கு ஒழுக்கம் தெரியுமா? அது ரத்தத்தின் மூலமும், உறையில்லாத உடலுறவின் மூலமும், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவதன் மூலமும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. தொட்டால் வராது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது, கொசு கடித்தால் வராது. ஆசனவழிப் புணர்ச்சியில் உறை போடாவிட்டால் ஒட்டும் வாய்ப்பு அதிகம் என்பது அந்த இடத்துச் சவ்வு மெல்லியது என்பதால். வேறு பாவ புண்ணியம் ஒன்றும் அதில் இல்லை. (தாய்மார்கள் இருக்கிற கூட்டத்தில் இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1930 வாக்கிலேயே கர்ப்பத்தடையைப் பற்றிப் பச்சையாக எழுதிய இயக்கம் இது. சொல்லக் கூசி ஒருவரைச் சாகவிடுவதைவிடச் சொல்லிவிடுவது மேல்.) அன்றியும், ஒழுக்கம் பேசுகிறவர்களை ஒன்று கேட்கிறோம். ராத்திரியில் அந்தத் திருநங்கையைத் தேடிப் போகிறவன் யார்? வானத்திலிருந்து குதித்தவனா? மாலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறவன்தானே! அவனுக்குப் பெரிய மனுஷன் என்று பெயர். காசுக்கு வந்தவருக்கு மாத்திரம் ஒழுக்கங்கெட்டவர் என்று பெயர். இது எந்த ஊர் நியாயம்?

இப்போது சங்கிலியை முதல் கண்ணியிலிருந்து பார்ப்போம். ஒரு வீட்டில் ஆண்பிள்ளை என்று பெயர் வைத்து வளர்த்த குழந்தை, பத்துப் பன்னிரண்டு வயதில் தன் மனம் பெண்ணின் மனம் என்று உணருகிறது. இது அந்தக் குழந்தை வேண்டுமென்று செய்கிற காரியம் அல்ல. இது மனநோயும் அல்ல. உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலைத் திருத்தி, 2022-ஆம் வருஷம் முதல் இதை மனநோய் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் நமது ஊர்த் தகப்பனுக்கு அது தெரியாது. முதலில் அடிக்கிறான். பிறகு கோடாங்கியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடிக்கிறான். பிறகு நாலு பேர் முன்னிலையில் மானம் போய்விட்டது என்று துரத்துகிறான். பள்ளிக்கூடத்திலோ, எந்தக் கக்கூசுக்குப் போனாலும் அடி. மூத்திரத்தை நாள் முழுதும் அடக்கிக்கொண்டிருந்து, தண்ணீரே குடிக்காமல் இருந்து, கடைசியில் படிப்பையே விட்டவர்கள் உண்டு. நம்மிடம் ஒரு திருநங்கைத் தோழர் சொன்னார்: "ஐயா, நான் பரீட்சையில் தோற்று நிற்கவில்லை, கக்கூசில் தோற்று நின்றேன்" என்று. அவர் கணக்கில் நல்ல கெட்டிக்காரர். இன்றைக்கும் ஜமாத்தில் வரவு செலவு அவரிடம்தான் இருக்கிறது.

படிப்பு போயிற்று, வீடு போயிற்று. சேர்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பெற்றவன் கைவிட்டதை ஜமாத் சேர்த்துக்கொள்கிறது. அங்கே ஒரு மூத்த திருநங்கை தாயாகிறார், குருவாகிறார், சோறு போடுகிறார். என்ன ஜாதி என்று பெரும்பாலும் கேட்பதில்லை. இது பெரிய காரியம். ஆனாலும் அங்கேயும் குருவின் எஜமானத்தனம் உண்டு, கட்ட வேண்டிய காசு உண்டு, அபராதம் உண்டு. நாம் இதையும் மறைக்க வேண்டியதில்லை. காசுக்கு எங்கே போவது? சிமெண்டு ஆலைக்குப் போய் வேலை கேட்டால் வாசற்காவலன் சிரிக்கிறான். வெங்காயக் காட்டில் களையெடுக்கப் போனால் பெண்களோடு சேர்ப்பதா, ஆண்களோடு சேர்ப்பதா என்று மேஸ்திரி யோசிக்கிறார். யோசித்து, வேண்டாம் என்கிறார். குடியிருக்க வீடு கேட்டால் இரண்டு பங்கு வாடகை. மிஞ்சுவது கடைகடையாகக் கைதட்டிக் காசு கேட்பது. இல்லாவிட்டால் திருச்சி - சென்னைப் பெருஞ்சாலையில் இருட்டில் நிற்பது. வேறு கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, திறந்திருந்த ஒரே கதவு வழியாக ஏன் போனாய் என்று கேட்கிறோம்!

இருட்டில் நிற்பவருக்கு ஆணுறை தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததை நடத்திக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. லாரி நின்றிருப்பது பத்து நிமிஷம். குடித்திருக்கிற முரடன் உறை வேண்டாம் என்கிறான்; இரண்டு மடங்கு காசு தருகிறேன் என்கிறான்; மறுத்தால் அடிக்கிறான். அடித்தான் என்று சொல்லப் போனால், "நீ அங்கே எதற்குப் போனாய்?" என்பதுதான் முதல் கேள்வி. பையில் உறை இருந்தால் அதையே குற்றத்துக்குச் சாட்சியாக வைத்துவிடுவதாகப் பயமுறுத்தப்பட்டதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறோம். அந்தப் பயத்தில் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்கிறவரிடம் போய், ஆணுறை உபயோகியுங்கள் என்று நோட்டீசு கொடுத்தால் என்ன பிரயோஜனம்?

அடுத்தபடி ஆஸ்பத்திரி. இதில் நமது சொந்த வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் மழைக்காலத்தில், ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்கு முன்னால் ஒரு திருநங்கை. இருமிக்கொண்டிருந்தார், மேல் சுடுகிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. ஜன்னலுக்குள்ளிருந்தவர் பெயர் கேட்டார். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அட்டையை நீட்டினார், அதில் ஆணின் பெயர் இருந்தது. "ஆண் சீட்டா, பெண் சீட்டா, இரண்டும் போடட்டுமா?" என்று உள்ளேயிருந்து வந்தது கேள்வி. வரிசை முழுதும் சிரித்தது. அவர் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார். நாம் சிரிக்கவில்லை, உண்மைதான். ஆனால் வாயையும் திறக்கவில்லை. இருபது வருஷம் மேடையில் சுயமரியாதை பேசியவர்களுக்கு அந்த ஜன்னல் முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை!

ஒரு மாதம் கழித்து அந்த அம்மையாரை நமது தோழர்கள் இரண்டு பேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடையில் அவர் மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரையும் இருமல் மருந்தும் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாராம். வந்திருந்தது காசநோய். ஆறு மாதம் மாத்திரை தின்று எழுந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு மாதத்தில் அவரோடு ஒரே அறையில் படுத்திருந்த ஐந்து பேரும் அவர் இருமிய காற்றைத்தானே சுவாசித்தார்கள்? ஜன்னலில் பேசின பேச்சுக்கும், வரிசையில் சிரித்த சிரிப்புக்கும், நமது வாய்மூடலுக்கும் அதில் பங்கு உண்டா இல்லையா?

ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இதே தொல்லைதான். 2004-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் இதற்குரிய கூட்டு மருந்தை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். தினந்தோறும் தவறாமல் தின்றால் உடம்பு தேறும். கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது என்பதும் ருசுவாகிவிட்டது. ஆனால் மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது? வீட்டுக்காரன் பார்த்தால் வீடு போகும். கூட இருப்பவர்கள் பார்த்தால் தட்டைத் தனியாக வைப்பார்கள். ஒளித்து ஒளித்துத் தின்கிறபோது நாலு நாள் விட்டுப்போகும். விட்டு விட்டுத் தின்றால் மருந்துக்குக் கிருமி மசியாது. இப்படியாக, அரசாங்கம் செலவழித்துக் கொடுத்த மருந்தை அக்கம்பக்கத்தாரின் ஏளனம் தின்றுவிடுகிறது.

இன்னொரு ஆபத்து, பெண்ணாக உடம்பை மாற்றிக்கொள்கிற அறுவை. டாக்டர்கள் இதைச் செய்யப் பயந்த காலம் ஒன்று இருந்தது. ஆண்மையை நீக்குவதைக் கொடுங்காயத்தில் முதலாவதாக எழுதி வைத்திருந்தது பழைய இந்தியன் பீனல் கோடு. டாக்டர் கை வைக்காதபோது என்ன நடக்கும்? நடுச்சாமத்தில், பூட்டிய அறையில், தாயம்மா என்று அழைக்கப்படுகிற மூத்தவர் ஒருவர் கத்தியால் அறுப்பார். அதற்கு நிர்வாணம் என்று பெயர். மயக்க மருந்து கிடையாது. தெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பிழைத்தால் மாதாவின் அருள், செத்தால் விதி. பிழைத்தவர்களிலும் மூத்திரத் துவாரம் சுருங்கி ஆயுள் முழுதும் அவதிப்படுகிறவர்கள் உண்டு. இன்று தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்த அறுவையை இலவசமாகவே செய்கிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் இதற்கென்று தனிப் பிரிவே வைத்தார்கள். ஆனால் அரியலூரிலிருந்து சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல். பலமுறை போக வேண்டும், சர்ட்டிபிகேட் வேண்டும், ஒவ்வொரு ஜன்னலிலும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து, கர்ப்பத்தடை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கைப்பிடி கைப்பிடியாக விழுங்கி, பெண்தன்மை வரும் என்று காத்திருக்கிறார்கள் சின்ன வயதுக்காரர்கள். அளவு மீறினால் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறி உயிர் போகலாம் என்று அவர்களுக்குச் சொல்லுவார் இல்லை.

மனத்தின் பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை ஒருவரைப் பார்த்து ஊரே சிரித்தால் அவர் குடிக்காமலும், வெறுத்துப்போகாமலும் இருப்பதுதான் அதிசயம்.

இனி மதத்துக்கு வருவோம். இந்த இழிவு இயற்கையாக வந்ததல்ல, எழுதி வைக்கப்பட்டது. மனுதர்மத்தின் 9-வது அத்தியாயம் 201-வது சுலோகத்தைப் பாருங்கள். அலிகள், பிறவிக் குருடர், செவிடர், ஊமைகள் இவர்களுக்கெல்லாம் சொத்தில் பாகம் கிடையாது என்று விதி செய்திருக்கிறான். ஆனால் தமிழனுடைய பழைய இலக்கணமாகிய தொல்காப்பியம் இவர்களை உயர்திணையில், அதாவது மனிதர்களோடு மனிதர்களாக வைத்துப் பேசுகிறது. வீட்டைவிட்டுத் துரத்துகிற தகப்பன் மனுவைப் படித்திருக்க மாட்டான். ஆனால் அவன் செய்வது மனு சொன்னதைத்தான்.

கூவாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில், சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் திருவிழா. நமது ஜில்லாக்களிலிருந்தும் போகிறார்கள். கதை உங்களுக்குத் தெரியும். பாரதப் போரில் பலியாகப் போகிற அரவான், சாவதற்கு முன் ஒரு கல்யாணம் வேண்டுமென்றானாம். சாகப் போகிறவனுக்கு எவளும் கழுத்தை நீட்டவில்லையாம். கிருஷ்ணன் மோகினி வேஷம் போட்டுக்கொண்டு வந்து கட்டிக்கொண்டானாம். அதற்காக ஆயிரக்கணக்கான திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, விடிந்ததும் அந்தத் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். தோழர்களே, அங்கே அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதையும், ஆடிப்பாடுவதையும் நாம் குறை சொல்லவில்லை. ஊர் ஊராக ஒண்டியாகக் கிடப்பவர்களுக்கு அந்த ஒரு கூட்டம்தான் உண்டு. சுகாதார இலாகாக்காரர்களும் அங்கே வந்து ரத்தப் பரிசோதனையும் ஆணுறையும் கொடுத்து வருகிறார்கள், அதுவும் நல்லதே. நாம் கேட்பது கதையைப் பற்றி. வருஷத்தில் ஒரு நாள் தெய்வத்துக்குப் பெண்டாட்டி, மறுநாள் தாலியறுத்தவள், மிச்ச நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டில் கல்லெறி. கிருஷ்ணன் சேலை கட்டினால் அது அவதாரம், கும்பிடுகிறான். நமது வீட்டுப் பிள்ளை சேலை கட்டினால் அவமானம், துரத்துகிறான். இந்த ஒரு கேள்வியை எந்தப் பௌராணிகரையாவது கேட்டுப் பாருங்கள். முன்ஜென்மக் கர்மம் என்பார். முன்ஜென்மத்தைப் பார்த்தவர் யார்? இந்த ஜென்மத்தில் அடிக்கிறவன் கையை எல்லோரும் பார்க்கிறோம்.

வெள்ளைக்காரன் சட்டம் மாத்திரம் யோக்கியமானதா? 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டபோது, வடநாட்டு மாகாணங்களில் இவர்களையும் பதிவுப் புத்தகத்தில் ஏற்றினான். அப்படி ஏற்றப்பட்டவர் தெருவில் பெண் உடையில் தென்பட்டால் வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம் என்றான். அதிலிருந்து இன்றைக்குச் சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சியில் 2008-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி திருநங்கையர் நலவாரியம் ஏற்பட்டது. 2014-இல் அதே ஏப்ரல் 15-ஆம் தேதி இவர்களும் சம உரிமையுள்ள பிரஜைகள் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 2018-இல் 377-வது பிரிவின் கொடுமை நீங்கிற்று. எச்.ஐ.வி. உள்ளவரை ஆஸ்பத்திரியிலோ வேலையிலோ வேற்றுமையாக நடத்தக் கூடாது என்று 2017-இல் ஒரு சட்டமும் செய்தார்கள். 2017-இலேயே ஒரு திருநங்கை தமிழ்நாட்டுப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகிவிட்டார்; பிரித்திகா யாஷினி என்று பெயர், கோர்ட்டுக்குப் போய் வாங்கின வேலை. 2021 முதல் அரசு டவுன் பஸ்ஸில் திருநங்கையருக்கும் டிக்கெட்டு இல்லை. எல்லாம் சரிதான். டிக்கெட்டு இல்லாமல் ஏறிய அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே செந்துறை வரை போகிறதே, அதற்கு எந்த சர்க்கார் உத்தரவு போடும்?

இன்னொரு வியாதியின் சரித்திரத்தையும் நினைவூட்டுகிறோம். குஷ்டத்தைப் பாவத்தின் சம்பளம் என்றார்கள். 1898-இல் நோயாளிகளைப் பிடித்து அடைக்கச் சட்டமும் செய்தார்கள். அதனால் குஷ்டம் ஒழிந்ததா? வெள்ளைத் தேமல் வந்தவனெல்லாம் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, விரல் மடங்கின பிறகுதான் வெளியே வந்தான். 1980-களில் கூட்டு மருந்து வந்து, பயப்படாமல் வா என்று கூப்பிட்ட பிறகே வியாதி பின்வாங்கிற்று.

2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் ஆணும் பெண்ணும் அல்லாத பகுதியில் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவர்கள் 22,364 பேர். எழுத வந்தவனிடம் சொல்லத் துணிந்தவர்கள் இவ்வளவு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காரியத்துக்கு வருவோம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று இருக்கிறது. அங்கே ரத்தம் சோதிக்கக் காசு இல்லை; முடிவை மற்றவருக்குச் சொல்ல மாட்டார்கள். 1097 என்ற நம்பருக்குப் போன் செய்தாலும் விவரம் சொல்லுவார்கள். 2022-ஆம் வருஷம் முதல் அரியலூரிலேயே மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. மருந்துக்கும் டாக்டருக்கும் பஞ்சமில்லை. பஞ்சம், வரிசையில் கூட நிற்கிற ஆளுக்குத்தான். அன்றைக்கு அந்த ஜன்னல் முன்னால் நாம் இரண்டு பேராகப் போய், "அம்மா பெயரை அவர் சொல்லுகிறபடி எழுதுங்கள் ஐயா" என்று மரியாதையாகச் சொல்லியிருந்தால் அவர் திரும்பி நடந்திருக்க மாட்டார்.

ஆகவே பெரம்பலூரில் கேட்டதையே இங்கும் கேட்கிறோம். வாரத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, ஜமாத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களோடு கூடப் போய், சீட்டு வாங்கி, வைத்தியம் முடிந்து திரும்புகிற வரை கூட இருக்க, ஊருக்கு ஆறு பேர் வேண்டும். தாய்மார்கள் இரண்டு பேராவது இருந்தால் நல்லது. பெரம்பலூரில் ஐந்து பெயர் கிடைத்தது. கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வந்து நான்காவதாகப் பெயர் கொடுத்தவர், பின்வரிசையில் கை தட்டின அதே தோழர். ஏன் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செயலாளர் தோழர் நோட்டுப் புத்தகத்தோடு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அரியலூர்ப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.